மெகாபாஸ்கல் மெல்லாது

ரூட் கேனால் செய்துகொள்ளும் வயது நமக்கு. வேரை அடைக்கும் பசைகளின் விளம்பரத் தாள்களில் ஓர் எண் போடுகிறார்கள்: பிடிமானம் இத்தனை மெகாபாஸ்கல் என்று. அந்த எண்ணை மட்டும் நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள் என்பதே என் கட்சி.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது? பிடுங்கிய பல்லின் வேர்க்குழாயைக் கழுவி, பசை தடவி அடைக்கிறார்கள். இறுகியதும் வேரை வாழைத்தண்டு போலக் குறுக்கே, சுமார் 1 மில்லிமீட்டர் வில்லைகளாக அறுக்கிறார்கள். இயந்திரத்தில் வைத்து, நடுவிலிருக்கும் அடைப்பை மெல்லிய கம்பியால் தள்ளுகிறார்கள். அது கழன்றபோது இருந்த விசையை, ஒட்டியிருந்த பரப்பால் வகுத்தால் மெகாபாஸ்கல். வில்லையின் தடிமன், கம்பியின் பருமன், குழாயைக் கழுவிய மருந்து, இவற்றில் ஒன்று மாறினாலும் எண் மாறிவிடும். ஓர் ஆய்வுக்கூடத்து எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவது எப்படிச் சரியாகும்?

அளக்கவே வேண்டாமா என்பீர்கள். தாராளமாக அளக்கட்டும். ஒரே கூடத்தில், ஒரே முறையில் பத்துப் பசைகளைச் சோதித்து, உதவாததைக் கழிக்கலாம். ஆனால் அது வேலைக்கான நுழைவுத் தேர்வுதான். சர்வீஸ் புத்தகம் எழுதப்படுவது வாய்க்குள்: எச்சில், கிருமி, சூடு, குளிர், வருஷக்கணக்கான மெல்லல்.

2004இல் ரெசிலான் என்றொரு பொருள் வந்தது. பழைய குட்டாபெர்ச்சா பல்லோடு தானாக ஒட்டாது. இதுவோ பசையோடும் பல்லோடும் சேர்ந்து ஒரே கட்டியாகிவிடும் என்றார்கள். தொடக்ககால ஆய்வுக்கூட முடிவுகள் சிலவும் அதற்குத் துணை நின்றன. வருஷங்கள் கழித்து நோயாளிகளின் பற்களைப் பார்த்தபோது, குட்டாபெர்ச்சா வைத்தவற்றைவிட அதிகம் கெட்டிருந்தன. பொருள் சந்தையை விட்டே போனது. அதை வைத்துக்கொண்டவர்களின் பல்லுக்கு யார் பொறுப்பு?

பாஸ்கல் என்ற அலகு பிளேஸ் பஸ்காலின் பெயர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அவர் பழக்கமானவர். காற்றுக்கு எடை உண்டு என்று காட்ட, 1648இல் அக்காள் கணவர் பெரியேவைப் பாதரசக் குழாயோடு புய் தெ தோம் மலைமேல் ஏறச் செய்தார். அடிவாரத்தில் இன்னொரு குழாயை ஒருவர் நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை, மலைமேல் பாதரசம் இறங்கியது. விஷயம் நடக்கும் இடத்துக்கே போ, பக்கத்தில் ஒப்பிட ஒன்றை வை என்பதுதான் அவர் காட்டிய வழி. அவர் பெயரைத் தாளில் அச்சிடுகிறவர்கள் அந்த மலையையும் ஏறட்டும்.

அதனால், பெரிய எண்ணைக் காட்டி விலை சொன்னால் பணிவாகக் கேளுங்கள்: "டாக்டர், இதை வைத்த பற்களில் ஐந்து வருஷம் கழித்து எத்தனை நின்றன? பழையதை வைத்தவற்றில் எத்தனை?" பதில் இல்லையென்றால் பழையதே போதும். குழாயைக் கிருமியில்லாமல் சுத்தம் செய்வதற்கும், மேலே நல்ல கேப் போடுவதற்கும் அந்தக் காசைக் கொடுங்கள். பல் நிற்பது பெரும்பாலும் அவற்றால்தான்.