கவைக்குச்சியும் கிணறும்



நீரோட்டம் பார்ப்பவரைத் தோட்டத்திற்கு அழைப்பது பாவமாகுமா என்று பங்கு மக்கள் சிலர் நம்மை வினவுகின்றனர். நகையை அடகு வைத்து ஆழ்துளைக் கிணறு போடுமுன் எழும் வினா இது. ஆதலின் விளையாட்டாக விடைகூற மனம் வரவில்லை.

திருச்சபைக்கு இக்குச்சி புதியதன்று. 1692-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் மது வணிகர் ஒருவரும் அவர் மனைவியும் கொலையுண்டனர். ஜாக் எய்மார் என்ற குடியானவர் கவைக்குச்சியை ஏந்திக் கொலைஞரின் தடம் தேடிச் சென்றார். தொலைவில் ஒரு சிறையிலிருந்த கூனுடைய இளைஞனைக் குச்சி காட்டிற்று. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். கொடிய தண்டனைக்குள்ளாகி மாண்டான். பின்னர் எய்மாரைப் பாரிசுக்கு வருவித்துச் சோதித்தனர். புதைத்து வைத்த பொன்னைக் குச்சியால் கண்டறிய அவரால் இயலவில்லை. அவன் மாண்ட பிறகல்லவா இச்சோதனை!

மனிதரைப் பற்றிக் குச்சியிடம் கேட்பதே பெருந்தீங்கு. 1942-இல் உரோமைத் திருப்பீடம் குருக்களுக்கும் துறவியருக்கும் இதனையே தடைசெய்தது. அறிவியல் வினாவினுள் அவ்வாணை புகவில்லை. களவு போன பொருளையோ செய்வினையையோ அறியக் குச்சிக்காரரை நாடுவோர் இதனை நினைவிற் கொள்க.

தண்ணீர் தேடுதல் வேறு. பிரான்சின் பூலி, சுவிட்சர்லாந்தின் மெர்மே எனக் குருக்களே இதில் பெயர் பெற்றதுண்டு. அவர்களை ஏமாற்றுக்காரர் என்று நாம் கூறோம். பார்ப்பவர் அறியாமலேயே அவர் கைத்தசை அசைகிறது. விறைப்பாகப் பிடித்த குச்சி அச்சிற்றசைவைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. 17-ஆம் நூற்றாண்டிலேயே சேசு சபைத் துறவி கிர்கர், கைபடாமல் ஒரு முனைமேல் குச்சியை நிறுத்திப் பார்த்தார், அது அசையவில்லை. 1990-இல் செருமனியின் காசல் நகரில், அரை மீட்டர் ஆழத்தில் புதைத்த குழாயில் நீர் ஓடுகிறதா என்று முப்பதுபேர் சோதிக்கப்பட்டனர். அவர்கள் கூறியவை குருட்டு ஊகத்தை மிஞ்சவில்லை.

“எங்கள் கிணற்றில் ஊறிற்றே, சாமி!” என்பீர்கள். ஊறியிருக்கும். மண் செழிப்பான ஆற்றோரத்தில் எங்கு தோண்டினும் நீர் வரும். நம் மாநிலத்தின் பெரும்பகுதியோ கடும்பாறை. வெடிப்புகளில் மட்டுமே நீர் தங்கும், பத்தடி தள்ளினால் வறட்சி. குச்சிக்காரர் கூலியோடு போய்விடுவார். வட்டி வீட்டிலேயே தங்கும்.

அழைத்தால் பாவமில்லை. ஆயினும் அதற்கு முன், அண்டைத் தோட்டங்களில் கோடையில் எத்தனை அடியில் நீர் நிற்கிறது, எத்தனை கிணறுகள் பொய்த்தன என்று கேட்டறியுங்கள். நிலத்தில் மின்சாரம் செலுத்திப் பாறையின் தடையை அளக்கும் ஆய்வும் உண்டு. அதுவும் உறுதியன்று, ஆனால் வெடிப்பு இருக்கக்கூடிய இடத்தையேனும் சுட்டும்.