முதுமுனைவர் பணியிடங்கள் ஊரறிய அறிவிக்கப்பட வேண்டும்

நாட்டில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தவர்கள் 2014-15இல் 1.17 லட்சம் பேர், 2021-22இல் 2.12 லட்சம் பேர். இவ்வளவு பேரைச் சேர்த்துக்கொண்ட அரசு, பட்டம் வாங்கியபின் முதுமுனைவர் ஆய்வுக்கு எங்கே இடம் இருக்கிறது என்பதை மட்டும் அவரவர் பாடு என்று விட்டுவிட்டது. இந்த அலட்சியம் முடிவுக்கு வர வேண்டும்.

இன்று ஒரு காலியிடம் எப்படி அறிவிக்கப்படுகிறது? பேராசிரியர் ஒருவருக்கு ஆய்வுத் திட்டம் கிடைக்கிறது. பல்கலைக்கழக இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு பக்க பிடிஎஃப் ஏற்றப்படுகிறது. பெரும்பாலும் சில நாள்களே அவகாசம். அடியில் மறக்காமல் ஒரு வரி: நேர்காணலுக்கு வருவோருக்குப் பயணப்படி கிடையாது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர், கைக்காசு போட்டு புனேவுக்கு ரயில் ஏற வேண்டும். ஏற்கெனவே ஆள் முடிவாகிவிட்டதோ என்ற சந்தேகமும் கூடவே வரும். நேர்மையாக ஆள் எடுக்கும் பேராசிரியர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால், அறிவிப்பே கண்ணில் படாத இடத்தில் அவர்களுடைய நேர்மையை யார் நம்புவார்கள்?

மத்திய அறிவியல் துறைகளின் திட்டங்களில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் சேரும் தொடக்கநிலை ரிசர்ச் அசோசியேட் பணிக்கு 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.58,000, வீட்டு வாடகைப்படி தனி. இது மக்கள் பணம். அந்தப் பணத்தில் நிரப்பும் இடம் மக்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

தேசிய முதுமுனைவர் உதவித்தொகையிலும் இதே கதைதான். விண்ணப்பிக்கும்போதே ஏற்றுக்கொள்ளும் பேராசிரியர் ஒருவரின் ஒப்புதல் கடிதம் கையில் இருக்க வேண்டும். ஐஐடியில் படித்தவருக்கு அவருடைய கைடு ஒரு போன் போட்டால் காரியம் முடிந்துவிடலாம். மாவட்டக் கல்லூரியில் ஆய்வு செய்தவரோ முன்பின் அறியாதவர்களுக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். போதாக்குறைக்கு 35 வயது வரம்பு. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு என்றாலும், வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பட்டம் முடித்த பலருக்கு அது எட்டாது. குடும்பச் சுமையால் தாமதமாகப் படிக்க வந்தவரின் அறிவுக்கு வயது ஒரு குறையா?

ஐரோப்பிய ஒன்றியம் பல நாடுகளின் ஆய்வுப் பணியிடங்களை ‘யூராக்சஸ்’ என்ற ஒரே தளத்தில் வெளியிடுகிறது. அதன் மேரி கியூரி முதுமுனைவர் உதவித்தொகை, பிறந்த ஆண்டைப் பார்ப்பதில்லை. முனைவர் பட்டம் பெற்றபின் 8 ஆண்டு ஆய்வு அனுபவத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. மகப்பேறு விடுப்புக் காலம் அந்தக் கணக்கில் சேராது.

இங்கேயும் இது முடியும். மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையிடம் நிதி பெறும் ஒவ்வொரு திட்டமும் தன் காலியிடத்தைப் பொதுத் தளம் ஒன்றில் 30 நாளாவது அறிவிக்க வேண்டும். இல்லையேல் பணம் கிடையாது என்று அறக்கட்டளை நிபந்தனை போடட்டும். முதல் சுற்று நேர்காணல் காணொலியில் நடக்கட்டும். புதியவர்களை ஏற்கத் தயாராக உள்ள பேராசிரியர்களின் பெயர்களைத் துறைவாரியாக வெளியிடட்டும். வயது வரம்பு நீங்கட்டும். தமிழக அரசு இதற்காக டெல்லியைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. தன் பல்கலைக்கழகங்களின் ஆய்வுப் பணியிடங்களை அடுத்த கல்வியாண்டு முதலே ஒரே தளத்தில் வெளியிடலாம். அதற்கு ஓர் அரசாணை போதும்.