எழுதுகோலைப் பறித்த வைத்தியம்

சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'மஞ்சள் சுவர்த்தாள்' (1892) சிறுகதையைப் பெண்ணிய வாசிப்புக்கு மட்டுமே உரியதாக ஒதுக்கிவைத்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. மனச்சோர்வுக்கு எது மருந்து என்னும் விவாதத்திலும் அக்கதைக்கு இடமுண்டு.

மகப்பேற்றுக்குப் பின் கடும் மனச்சோர்வில் ஆழ்ந்த கில்மன், 1887இல் சைலஸ் வியர் மிட்செல் என்ற புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவரிடம் சென்றார். கிடைத்தது 'ஓய்வுச் சிகிச்சை': படுக்கை, மிகுதியான உணவு, தனிமை. வீட்டுக்கு அனுப்பும்போது, இல்லறத்துக்குள் ஒடுங்கியிருக்கவும், பேனாவையும் தூரிகையையும் வாழ்நாளில் தொடாதிருக்கவும் அறிவுரை. சில மாதங்கள் அதற்குக் கீழ்ப்படிந்ததில் சித்தம் கலங்கும் விளிம்புக்கே சென்றதாகவும், மீண்டும் வேலைக்குத் திரும்பியதே தன்னை மீட்டதாகவும் 1913இல் அவர் எழுதினார். இதே மிட்செல்தான் 1885இல் ஓவன் விஸ்டரை வயோமிங்கின் மாட்டுப் பண்ணைகளுக்கு அனுப்பிவைத்தவர். 'தி வர்ஜீனியன்' (1902) நாவலுக்கு வித்து அங்கே விழுந்தது. ஆணுக்குக் குதிரை, பெண்ணுக்குக் கட்டில்!

'ஆக்குபேஷனல் தெரபி' எனப்படும் தொழில்வழிச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் ஓர் அமைப்பு உருவானது 1917இல். உழைப்பு, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகியவற்றின் தாளம் குலைவதை மனநோயோடு இணைத்துப் பார்த்த அடால்ஃப் மேயரின் கட்டுரை 1922இல் வெளிவந்தது. தமிழில் 'தொழில்' என்றதும் சம்பளம் நினைவுக்கு வருவது ஒரு சங்கடம். இங்கே குளிப்பதும் கோலமிடுவதும்கூடத் தொழிலே.

தேநீர் போடுவதை எடுத்துக்கொள்வோம். எழ வேண்டும், பாத்திரம் தேட வேண்டும், அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், கொதிக்கும்வரை நிற்க வேண்டும், சர்க்கரை எவ்வளவு என்று முடிவுசெய்ய வேண்டும். நமக்கு ஒரே செயல். மனச்சோர்வுற்றவருக்கோ ஒவ்வொன்றும் தனித்தனி மலை. முடிவெடுக்கும் திறனும் தொடங்கும் விசையுமே முதலில் பழுதாகின்றன. சிகிச்சையாளர் அச்செயலைப் பிரித்துப் பார்க்கிறார். எந்தப் படியில் இவர் நின்றுபோகிறார் என்று கண்டு, இன்று தண்ணீர் வைப்பது மட்டும் போதும் என்கிறார். மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருப்பதில்லை. சிறிதாகச் செய்யச் செய்ய மனம் பின்னால் வரக்கூடும் என்பதே இதன் அடிப்படை.

"சும்மா உட்கார்ந்திருந்தால் இப்படித்தான், ஏதாவது வேலையைப் பார்" என்று வீடுகளில் விழும் ஏச்சையும் இதையும் ஒன்றாகக் கருதுவது கொடுமை. அந்த ஏச்சு மலையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. எல்லோர் கையிலும் ஒரே கூடைப் பின்னலைத் திணிப்பதும் சிகிச்சை ஆகாது. அவரவர்க்குப் பொருளுள்ள செயல் எதுவெனக் கேட்டறிவதில்தான் அது தொடங்குகிறது. மருந்தும் உரையாடல் சிகிச்சையும் தேவைப்படுவோர்க்கு இது அவற்றோடு சேர்ந்து நிற்பது, அவற்றுக்கு மாற்றன்று.

கில்மனும் முற்றாகக் குணமடைந்துவிடவில்லை. சோர்வு வாழ்நாள் நெடுகத் திரும்பத் திரும்ப வந்தது. இடையே 1909 முதல் 1916 வரை 'ஃபோர்ரன்னர்' என்ற மாத இதழை ஏறத்தாழ முழுவதும் தாமே எழுதி நடத்தினார்.