ஆகாயத்தில் ஓரமாக நிறுத்த முடியாது!

ஆகாய விமானம் பிறந்தது எங்கே தெரியுமா? சைக்கிள் கடையில்!

அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்தில் டேட்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் ரைட் சகோதரர்கள். அண்ணன் பெயர் வில்பர். தம்பி பெயர் ஆர்வில். இருவரும் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். மரத்தை இழைத்து, துணியைத் தைத்து, தங்கள் கையாலேயே விமானம் செய்தார்கள். 1903-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி அது பறந்தது. முதல் தடவை பறந்தது 12 வினாடி நேரம். 120 அடி தூரம்.

அன்று பிறந்த ஆசை இன்னும் தீரவில்லை. அமெரிக்கா, பிரான்சு, இங்கிலாந்து முதலிய நாடுகளில் ஏராளமானவர்கள் வீட்டிலேயே விமானம் செய்கிறார்கள். கார் நிறுத்தும் கொட்டகைதான் தொழிற்சாலை. அலுமினியக் குழாய், துணி, மரம், ஒரு சிறு எஞ்சின். இவ்வளவுதான் சாமான். பகலில் வேலைக்குப் போகிறார்கள். மாலையில் வந்து ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்கள்.

ஆசை நல்லதுதான். கையால் ஒரு பொருளைச் செய்து முடிப்பதில் உள்ள மகிழ்ச்சி, கடையில் வாங்குவதில் கிடைக்காது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஸ்கூட்டர் வழியில் நின்றுவிட்டால் ஓரமாகத் தள்ளி நிறுத்தலாம். மெக்கானிக்கைக் கூப்பிடலாம். ஆகாயத்தில் ஓரம் கிடையாது. மெக்கானிக்கும் கிடையாது. தரையில் பார்க்காமல் விட்ட தவறுக்கு வானத்தில் விலை கொடுக்க நேரிடும். சில சமயம் அந்த விலை உயிர்.

ஆகவே, வீட்டில் விமானம் செய்கிறவர் இரண்டு வேலை கற்க வேண்டும். ஒன்று, செய்வது. மற்றொன்று, செய்ததைச் சந்தேகப்படுவது. இரண்டாவதுதான் கடினம்.

தரையில் உடைந்தது நல்லதாயிற்று!

ரைட் சகோதரர்கள் இந்த இரண்டாவது வேலையையும் கற்றிருந்தார்கள்.

இறக்கை எந்த வடிவத்தில் இருந்தால் நன்றாகத் தூக்கும்? மற்றவர்கள் எழுதி வைத்த கணக்கை அவர்கள் அப்படியே நம்பவில்லை. 1901-ல் ஒரு நீளமான மரப்பெட்டி செய்தார்கள். ஒரு முனையில் விசிறி வைத்துப் பெட்டிக்குள் காற்றை அனுப்பினார்கள். உள்ளே சின்னஞ்சிறு இறக்கைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 200 வடிவங்களைச் சோதித்தார்கள். அதன் பிறகே பெரிய இறக்கை செய்தார்கள்.

எஞ்சினைச் செய்தவர் அவர்கள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர். சுமார் ஆறு வாரத்தில் செய்து முடித்தார். 1903 பிப்ரவரியில் அதை ஓட்டிச் சோதித்தபோது எஞ்சினின் உடல் பாகம் உடைந்துவிட்டது. வேறு வார்த்து, மறுபடியும் சோதித்தார்கள். அந்த எஞ்சின் உடைந்தது தரையில். ஆகவே யாருக்கும் காயம் இல்லை. சோதனையின் பயன் இதுதான்.

பிரான்சில் நடந்த கதை

முப்பது ஆண்டு கழிந்தது. பிரான்சு நாட்டில் ஆன்ரி மினியே என்பவர் ஒரு சிறு விமானம் செய்தார். அவர் ரேடியோ தொழில் தெரிந்தவர். மரத்தாலும் துணியாலும் ஆன அந்த விமானத்தின் இறக்கை சுமார் 20 அடி நீளம். மோட்டார் சைக்கிள் எஞ்சின்தான் அதை இழுத்தது. 17 குதிரை சக்தி. 1933 செப்டம்பரில் அதில் அவர் பறந்தார்.

அதற்கு அவர் வைத்த பெயர் 'ஆகாயப் பேன்'. இங்கிலாந்துக்காரர்கள் அதைப் 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' என்று அழைத்தார்கள்.

செய்யும் முறையை 1934-ல் மினியே புத்தகமாக எழுதி வெளியிட்டார். மரப்பெட்டி அடிக்கத் தெரிந்தவர் யாரும் இதைச் செய்யலாம் என்பது அவர் கருத்து. மக்கள் பித்துப் பிடித்தவர்கள் போல் ஆனார்கள். பணக்காரர்களுக்கு மட்டுமே இருந்த ஆகாயம் ஏழை எளியவர்களுக்கும் திறந்துவிட்டது என்று நினைத்தார்கள். பிரான்சிலும் இங்கிலாந்திலும் தச்சுப் பட்டறை வேலை மும்முரமாக நடந்தது. 1935 ஆகஸ்டில் மினியே தம் விமானத்திலேயே கடலைத் தாண்டி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஆசை இன்னும் பெருகியது.

பிறகு சாவுச் செய்தி வரத் தொடங்கியது. ஒன்றல்ல, பல. எல்லாம் ஒரே மாதிரி. விமானத்தின் மூக்கு கீழே சாயும். விமானி கைப்பிடியைத் தம் பக்கம் இழுப்பார். அப்படி இழுத்தால் மூக்கு நிமிர வேண்டும். நிமிரவில்லை. தலைகுப்புற வந்து தரையில் மோதியது.

1936-ல் இங்கிலாந்தில் பார்ன்பரோவிலும், பிரான்சில் பாரிஸ் நகருக்கு அருகேயும் அறிஞர்கள் இதை ஆராய்ந்தார்கள். ராட்சத விசிறி வைத்த கூடத்தில் முழு விமானத்தையே நிறுத்திக் காற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். காரணம் தெரிந்தது.

அந்த விமானத்துக்கு முன்னே ஓர் இறக்கை, பின்னே ஓர் இறக்கை. இரண்டுக்கும் நடுவே குறுகலான சந்து. மூக்கு ஓர் அளவுக்கு மேல் சாய்ந்ததும், சந்து வழியே பாயும் காற்று பின் இறக்கையை மேலே தூக்கிவிடும். வால் மேலே போனால் மூக்கு கீழே போகும். கைப்பிடியை இழுத்தால் முன் இறக்கை திரும்பி, சந்து இன்னும் குறுகும். ஆபத்து கூடும். தப்பிக்கச் செய்த காரியமே விமானியைக் கொன்றது!

அந்த மாதிரி விமானம் பறக்கத் தடை வந்தது. மினியே இறக்கைகளை மாற்றி அமைத்தார். 1965-ல் இறக்கும் வரை புதுப்புது மாதிரிகள் செய்துகொண்டே இருந்தார். திருத்திய மாதிரிகள் நன்றாகப் பறந்தன.

அந்த விமானங்களைச் செய்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். கெட்டிக்காரத் தொழிலாளிகள். அவர்கள் ஆணி அடித்ததில் குற்றம் இல்லை. ஒட்டியதில் குற்றம் இல்லை. அமைப்பிலேயே குற்றம் இருந்தது. 1936-ல் செய்த அந்தச் சோதனையை முன்னமே செய்திருந்தால் பல குடும்பங்கள் அழுதிருக்க வேண்டியதில்லை.

இன்றைய குட்டி விமானம்

இன்று 'அல்ட்ராலைட்' என்ற குட்டி விமானங்கள் பல நாடுகளில் பறக்கின்றன. 1982-ல் அமெரிக்க அரசாங்கம் இதற்கு ஒரு விதி போட்டது. எஞ்சின் உள்ள விமானமானால் எடை 254 ராத்தலுக்குக் குறைவாக இருக்க வேண்டும். அதாவது சுமார் 115 கிலோ. ஒருவர்தான் உட்காரலாம். சுமார் 19 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் பிடிக்கக் கூடாது. மக்கள் நெருங்கி வாழும் ஊர்களுக்கு மேலே பறக்கக் கூடாது.

இந்த விதிகளுக்கு அடங்கினால் ஓட்டுபவருக்கு லைசென்சு வேண்டாம். விமானத்துக்கு அரசாங்கச் சான்றும் வேண்டாம்.

கேட்பதற்கு இனிக்கும். ஆனால் இதற்கு உண்மையான பொருள் என்ன? அதிகாரி வந்து பார்க்க மாட்டார். தவறு இருந்தால் சொல்ல ஆள் இல்லை. முழுப் பொறுப்பும் செய்தவர் தலையில்தான்.

எஞ்சின் நிற்கும் என்றே எண்ண வேண்டும்

இந்தக் குட்டி விமானங்கள் பலவற்றில் இருப்பது 'டூ ஸ்ட்ரோக்' எஞ்சின். பழைய மொபெட்டில் இருந்த அதே வகை. எடை குறைவு, சக்தி அதிகம். அதனால்தான் இதை விரும்புகிறார்கள். ஆஸ்திரியா நாட்டு ரோட்டாக்ஸ் எஞ்சின்கள் இவற்றில் பெயர் பெற்றவை. அந்த எஞ்சினின் கையேட்டிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. எஞ்சின் திடீரென்று நின்றுவிடக் கூடும் என்று தயாரிப்பவரே சொல்கிறார். ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அதை வேத வாக்காகக் கொள்ள வேண்டும்.

எஞ்சின் ஏன் நிற்கிறது? பெரும்பாலும் சின்னக் காரணம்தான்.

மொபெட் வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் என்பது பரவலான கணக்கு. 10 லிட்டருக்கு 200 மில்லி. ஆயில் கலக்க மறந்தால் பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும். "எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

எஞ்சின் சூடாகும் முன்பே வேகமாக முடுக்கினாலும் இதே கதிதான். பிஸ்டன் சூட்டில் சீக்கிரம் பருக்கும். சிலிண்டர் மெதுவாகத்தான் பருக்கும். நடுவே இடம் இல்லாமல் இறுகிவிடும். சில நிமிடம் பொறுத்துச் சூடாக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரில் வெடிப்பு விழுந்தால், அதன் வழியே வேண்டாத காற்று நுழையும். பெட்ரோல் குறைந்து, காற்று மிகுந்து, சூடு ஏறி, பிஸ்டனில் ஓட்டையே விழலாம். ஒரு ரப்பர் துண்டு ஒரு மனிதனைக் கீழே தள்ளிவிடும்!

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பாதி சங்கதி தெரிந்துவிடும். முனை காப்பிப் பழுப்பு நிறமாக இருந்தால் எஞ்சின் நலம். வெள்ளையாக இருந்தால் சூடு அதிகம். கரிபிடித்து எண்ணெய் வழிந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போன்றது இது.

பெட்ரோல் டாங்க் மூடியில் ஒரு சிறு துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால், டாங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் எஞ்சினுக்குப் போய்ச் சேராது. பறக்கும் முன் அந்தத் துளையையும் பார்க்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும், எஞ்சின் இப்போதே நிற்கும் என்று எண்ணிப் பறப்பவரே அறிவாளி. எஞ்சின் நின்றாலும் விமானம் கல் போல் விழாது. சறுக்கிக்கொண்டே இறங்கும். அப்போது இறங்குவதற்குத் திறந்த வெளி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டால் உயிர் பிழைக்கலாம்.

கண்ணும் கையும்

விமானத்தின் உடம்பையும் அப்படியே பார்க்க வேண்டும். துணி வெயிலில் மக்கும். பார்வைக்குப் புதிதாக இருக்கும், இழுத்தால் கிழியும். ஆகவே பறக்காத நேரத்தில் நிழலில் வைக்க வேண்டும். வளைந்த அலுமினியக் குழாயைத் தட்டி நிமிர்த்தக் கூடாது, மாற்ற வேண்டும். கம்பி வடத்தைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். ஓர் இழை அறுந்திருந்தாலும் துணியில் மாட்டும். இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று எந்தப் போல்ட்டையும் இறக்கையில் மாட்டக் கூடாது. விமானத்துக்கென்று செய்த போல்ட்டின் விலை அதிகம். உயிரின் விலை அதைவிட அதிகம்.

எஞ்சின் ஓடிய மணிக்கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். எந்தப் பாகத்தை என்று மாற்றினோம் என்பதையும் குறிக்க வேண்டும். ஞாபகம் ஏமாற்றும். நோட்டு ஏமாற்றாது.

இன்னொருவர் பார்க்கட்டும்

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. தான் எழுதிய கடிதத்தில் உள்ள பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் படித்தால் உடனே சொல்வார். விமானமும் அப்படித்தான். மூன்று ஆண்டு பாடுபட்டுச் செய்தவர் கண்ணுக்கு அது குழந்தை போல் அழகாகவே தெரியும். ஒரு நட்டு இறுக்காமல் இருப்பது தெரியாது.

அமெரிக்காவில் 1953-ல் வீட்டு விமானக்காரர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அனுபவம் உள்ள தொண்டர்கள் அதில் இருக்கிறார்கள். இறக்கையைத் துணியால் மூடும் முன் வந்து பார்த்துக் குறை சொல்கிறார்கள். மூடிவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது அல்லவா? குறை கேட்டுக் கோபப்படாதவர் பிழைத்துக்கொள்கிறார்.

"எதற்கு இந்த வம்பு? வீட்டில் விமானம் செய்வதையே தடுத்துவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். அது சரியல்ல. அன்று சைக்கிள் கடைக்காரர்களைத் தடுத்திருந்தால் விமானம் வந்திருக்குமா? தடுக்க வேண்டியது ஆசையை அல்ல, அவசரத்தை.

நம் நாட்டில் மத்திய அரசாங்கத்தின் விமானத் துறை அனுமதி இல்லாமல் இத்தகைய விமானத்தில் பறக்கக் கூடாது. இந்தத் தடையை எரிச்சலாக எண்ண வேண்டாம். இன்னொரு கண் பார்க்கிறது என்று எண்ண வேண்டும். செல்போனில் படம் பார்த்துவிட்டு, பழைய எஞ்சினும் குழாயும் சேர்த்து, மொட்டை மாடியில் விமானம் செய்யக் கிளம்பும் பையன் கெட்டிக்காரன்தான். அவனைத் திட்ட வேண்டாம். தொழில் தெரிந்தவரிடம் கூட்டிப் போக வேண்டும். செய்யட்டும், எஞ்சினைத் தரையில் ஓட்டட்டும், உடையட்டும், மறுபடியும் செய்யட்டும். அனுமதியும் பயிற்சியும் கிடைக்கும் வரை சக்கரம் தரையிலேயே இருக்கட்டும்.

எல்லாம் தயாராக இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கிறது. பார்க்க நண்பர்கள் வந்திருக்கிறார்கள். அப்போது ரப்பரில் ஒரு சின்ன வெடிப்பு தெரிகிறது. "இன்று பறக்கவில்லை" என்று சொல்லி, எஞ்சினை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறார் ஒருவர். வீரர் என்ற பட்டம் அவருக்கே தகும். அவருடைய பிள்ளைகள் இரவில் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.