ஒரு கேள்வி போதும்



கவிஞனுக்குக் கைதட்டும் நண்பர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். கேள்வி கேட்கும் தோழி கிடைப்பதுதான் அபூர்வம்.

பாரதிக்குக் கிடைத்தார். அயர்லாந்தில் பிறந்து, 1898-ல் கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சகோதரி நிவேதிதை. சந்திக்க வந்த பாரதியிடம், மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்டாராம். அது எங்கள் வழக்கமில்லை என்றாராம் பாரதி. பெண்களை வீட்டில் அடைத்துவிட்டு நாட்டுக்கு என்ன விடுதலை என்று அவர் திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். பழகியது கொஞ்ச நேரம்தான். ஆனால் 1908-ல் 'ஸ்வதேச கீதங்கள்', 1909-ல் 'ஜன்ம பூமி' இரண்டையும் அவருக்கே சமர்ப்பித்தார் பாரதி. 1912-ல் வந்தது 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம்.

நானும் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நிலா, கயல்விழி என்று கிறுக்கியவன்தான். மாதர் சங்கத்தில் உழைக்கும் வகுப்புத் தோழி படித்துவிட்டு, "இதுல லேத் ஓட்டுற நான் எங்கப்பா இருக்கேன்?" என்றாள். பதில் இல்லை. பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தேன்.

நண்பா, கவிதை எழுதினால் காதலியிடம் அப்புறம் காட்டலாம். கேள்வி கேட்கிற தோழியிடம் முதலில் காட்டு!