பலகை இடுக்கும் அட்வான்ஸும்

ஊட்டியில் பழைய மரத்தரை ரூமில் தங்கிப் படிக்கிறீங்களா? இடுக்கு வழியா குளிர்காத்து வருதுன்னு மரத்தூளையும் பசையையும் குழைச்சு அப்பிடாதீங்க பாஸ்! மழையில் மரம் உப்பும், காய்ஞ்சா சுருங்கும். இந்த இழுபறியில் பூச்சு விரிஞ்சு, பெருக்கும்போதே உதிர்ந்துடும். கோடையில் மரச்சில்லை இறுக்கி அடிச்சாலோ, மழைக்காலத்தில் பலகை முதுகைத் தூக்கிடும்.

சணல் கயிறு வாங்குங்க. இடுக்கை விடக் கொஞ்சம் தடிமனா இருக்கணும். குப்பையைச் சுரண்டிட்டு, தட்டை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்துங்க. பலகையோடு சேர்ந்து கயிறும் நெளிஞ்சு கொடுக்கும். காலி பண்றப்ப உருவிட்டா ஓனர் அட்வான்ஸில் கை வைக்க முடியாது! விரல் நுழையுற இடுக்குன்னா ஆசாரி வேலை. அந்தச் செலவைப் பத்தி ஓனர்கிட்ட பேசுங்க.

பழைய பெயின்ட்டை மட்டும் உப்புத்தாளால் தேய்க்காதீங்க. ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி விஷம்.