செம்மங்குப்பத்துச் சினம்



2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள். காலை வேளை. கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இருப்புப்பாதையைக் கடந்தது ஒரு வேன். விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை நோக்கி விரைந்து வந்த இரயில் அதன்மீது மோதிற்று. மூன்று பிள்ளைகள் மாண்டனர். புத்தகப் பைகள் தண்டவாளத்தின் ஓரத்தில் சிதறிக் கிடந்த காட்சியை ஏடுகளில் கண்டு கலங்காத நெஞ்சமும் உண்டோ?

ஊரார் ஓடி வந்தனர். அலறினர், அரற்றினர், ஆத்திரம் கொண்டனர். இரயில் வரும் நேரத்தில் கேட் திறந்து கிடந்ததே என்று கேட்டனர். கேட் கீப்பர் அங்கேதான் இருந்தார். அவர்மீது அடிகள் விழுந்தன. பின்னர் அவர் கைதானார், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்.

அந்தச் சினத்தை நான் குறை கூறவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஊர் சினம் கொள்ளாது சிரித்து நிற்குமோ? சினமே அற்றுப்போன சமுதாயம் சுடுகாட்டுக்கு ஒப்பானது. என் கேள்வி வேறு. அந்தச் சினம் எங்கே சென்றது? எங்கே சென்றிருக்க வேண்டும்?

நாடகம் எழுதுகிறவன் நான். மேடையிலே கொடியவனைக் காட்டியாக வேண்டும். காட்டினால்தான் கொட்டகை கொதிக்கும், கைதட்டல் கிடைக்கும். நாட்டு நடப்பு அத்தகையதன்று. இங்கே கொடுமைக்குக் காரணமானவர் பெரும்பாலும் மேடைக்கு வருவதே இல்லை. கோப்புகளுக்குப் பின்னே, கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னே அமர்ந்திருப்பார். மேடையில் நமக்குக் காட்சி தருபவர், கையில் கொடியும் விளக்கும் ஏந்திய கடைசி ஊழியர் மட்டுமே.

அவர் கடமை தவறியிருந்தால் சட்டம் அவரை விசாரிக்கட்டும், தண்டிக்கட்டும். ஆயினும் அவருக்குப் பின்னே இருப்பதைச் சற்றே எட்டிப் பாருங்கள். கேட்டுகளில் இரு வகை உண்டு. ஒன்று, சிக்னலோடு பிணைக்கப்பட்டது. அங்கே கேட் மூடப்படாதவரையில் இரயிலுக்குப் பச்சை விளக்கு எரியாது; மனிதன் மறந்தாலும் இயந்திரம் மறக்காது. மற்றொன்று, பிணைக்கப்படாதது. அங்கே நிலைய அதிகாரி தொலைபேசியில் சொல்ல வேண்டும். கேட்டை மூடிவிட்டேன் என்று காவலர் ஓர் எண்ணைக் கூறி உறுதி தர வேண்டும். எத்தனையோ உயிர்கள் அந்த ஒரு சொல்லிலே தொங்கும். செம்மங்குப்பத்துக் கேட் அன்று இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததாக இருந்தது.

ஏன் பிணைக்கவில்லை? அதற்கோர் கணக்கு வைத்திருந்தது இரயில்வே. ஓடும் இரயில்களின் எண்ணிக்கையை, கடக்கும் வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்கிவரும் தொகை 20,000ஐத் தாண்டினால்தான் சிக்னலோடு பிணைப்பு என்று இருந்தது. செம்மங்குப்பத்துக்குப் பிறகு, அந்த அளவு 10,000 ஆகக் குறைக்கப்படும் என்று அறிவித்தனர். கேட்டுகளில் கண்காணிப்புக் கேமரா என்றனர். ஆக, குறைக்க முடிகிற கணக்குதான் அது! முந்திய நாளே குறைத்திருக்கலாகாதா? அந்தக் கணக்கை எழுதிய பேனாவின்மீது எந்த அடி விழுந்தது?

இன்னொன்றும் சொல்வேன். நம்மவருக்குக் கசக்கும், கசந்தாலும் சொல்வேன். அங்கே சுரங்கப்பாதை அமைக்கத் திட்டமிட்டும், மாவட்ட நிருவாகத்தின் அனுமதி ஓராண்டாகக் கிடைக்கவில்லை என்று கூறிற்று தெற்கு இரயில்வே. பழியை வேறொருவர் தோளுக்கு மாற்ற இரயில்வே சொல்லும் சாக்கு என நாம் கருதலாம். ஆயினும், அன்று மாநிலத்தில் பொறுப்பில் இருந்தது கழக ஆட்சி. ஆகவே அந்தக் கேள்வியை விழுங்கிவிட நமக்கு உரிமை இல்லை. தில்லியைப் பார்த்து விரல் நீட்டுகிறவன், தன் வீட்டுக் கோப்பையும் திறந்து காட்டும் திடம் உடையவனாக இருத்தல் வேண்டும். அந்தத் திடம்தான் கட்சிக்காரனைக் கைதட்டும் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

அடிபட்டவர் வடபுலத்தார். உடனே கிளம்பிற்று மொழிப் பேச்சு. தமிழ் அறியாதவரை இங்கே ஏன் அமர்த்தினீர் என்ற கேள்வி எழுந்தது. மக்களோடு நாளும் பழகும் பணியில் மக்கள் மொழி அறிந்தவர் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. நாம் நெடுங்காலமாகச் சொல்லி வருவது. ஆனால் அந்தக் கோரிக்கை செல்ல வேண்டிய முகவரி, பணியாளரைத் தேர்ந்தெடுக்கும் வாரியம். விதியை வகுக்கும் அமைச்சகம். வயிற்றுப் பிழைப்புக்காக ஆயிரம் கல் கடந்து வந்த ஏழையின் கன்னம் அல்ல! இந்தித் திணிப்பை எதிர்ப்பவர் நாம். இந்தி பேசும் உழைப்பாளியை வெறுப்பவர் அல்லர். இந்த வேறுபாடு மங்கிய அன்று, நம் இயக்கத்தின் முகமே மங்கிப்போகும்.

அதே இருப்புப்பாதையில் தெற்கே செல்லுங்கள். சிதம்பரம் வரும். 1965ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலமாகக் கிளம்பினர். போலீசாரின் துப்பாக்கி வெடித்தது. சிவகங்கை இராசேந்திரன் என்னும் மாணவமணி மண்ணில் சாய்ந்தான். இன்றும் அண்ணாமலைநகரில் சிலையாய் நிற்கிறான். அந்த இரத்தம் வீண் போயிற்றா? பிப்ரவரி 11ஆம் நாள் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் நீட்டினர். பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி உறுதிமொழி தந்தார். 1967இல் ஆட்சியே மாறிற்று; அவ்வாண்டே ஆட்சிமொழிச் சட்டமும் திருத்தப்பட்டது.

ஆனால், அதே பிப்ரவரித் திங்களில், திருப்பூரிலே போலீசார் இருவர் எரித்துக் கொல்லப்பட்டனர். அதையும் மறைக்காது கூறுவதே வரலாறு. அந்த நெருப்பு மொழிக்கு எந்த அரண் கட்டிற்று? எந்தச் சட்டத்தைத் திருத்திற்று? அடக்குமுறைக்கு, இதோ பாருங்கள் என்று சுட்டிக்காட்ட ஓர் சாக்கைத் தந்தது, அவ்வளவே. உண்மையில் தில்லியை அசைத்தவை மாணவர் எழுச்சியும் மக்கள் திரளும், பின்னர் வாக்குச்சீட்டும் அல்லவா?

கடல் கடந்தும் பாருங்கள். இராசேந்திரன் வீழ்ந்த 39ஆம் நாள், 1965 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் செல்மா என்னும் ஊர். வாக்குரிமை கேட்டு ஏறத்தாழ 600 பேர் அணிவகுத்துப் பாலத்தைக் கடந்தனர். பெரும்பாலோர் கறுப்பு மக்கள். எதிரே குண்டாந்தடி, கண்ணீர்ப்புகை, குதிரைப்படை. மண்டைகள் உடைந்தன, வந்தவர் கை ஓங்கவில்லை. தொலைக்காட்சியில் அதைக் கண்ட அமெரிக்கா தலைகுனிந்தது. ஆகஸ்ட் 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. அன்று மண்டை உடைந்த இளைஞர் ஜான் லூயிஸ், பின்னாளில் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் வீற்றிருந்தார்.

அதே அமெரிக்காவுக்கு மற்றோர் முகமும் உண்டு. விசாரணை இல்லை, வழக்கு இல்லை, வாதம் இல்லை. ஐயம் ஒன்றே போதும் என்று கூடி, கறுப்பரை மரத்திலே தூக்கிலிட்ட கும்பல்களின் முகம் அது. 1877 முதல் 1950 வரையில் அவ்வாறு கொல்லப்பட்டோர் 4,400க்கும் மேற்பட்டோர் என்று மாண்ட்கமெரி நகரில் 2018இல் எழுப்பிய நினைவிடம் கூறுகிறது. அக்கும்பல்களும் தம் செயலை நீதி என்றே அழைத்தன. ஊரே கூடி வேடிக்கை பார்த்தது; படம் பிடித்து அஞ்சல் அட்டையாகவும் அனுப்பினர். 2021 ஜனவரி 6ஆம் நாள், தேர்தலில் தோற்ற டிரம்பின் ஆதரவாளர்கள் வாக்கு எண்ணிக்கையைத் தடுக்க வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துள் புகுந்தபோதும், மக்கள் நாங்கள் என்றே முழங்கினர். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடி, அன்று அந்த மண்டபத்தில் உலவிற்று. 2025இல் மீண்டும் பதவியேற்ற நாளன்றே, ஏறத்தாழ 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார் அதே டிரம்ப்.

இரண்டும் கூட்டம். இரண்டிலும் முழக்கம். இரண்டிலும் சினம். வேறுபாடு யாது? செல்மாவில் நடந்தவர்கள் எல்லோருக்கும் பொருந்தும் ஒரு சட்டத்தைக் கேட்டனர். மற்றவர்கள் கைக்கு எட்டிய ஒருவனின் உடலைக் கேட்டனர், அல்லது பிறர் போட்ட வாக்கைக் கேட்டனர். சட்டத்தைக் கேட்பது இயக்கம். உடலைக் கேட்பது கும்பல். இயக்கத்தினின்று கும்பலுக்கு இறங்க ஓர் அடி போதும். கும்பலாய் இறங்கியவர் மீண்டும் இயக்கமாய் எழ ஒரு தலைமுறை வேண்டும்.

செம்மங்குப்பத்து ஊராரை அந்தக் கொலைக் கும்பல்களோடு ஒப்பிடுகிறேன் என்று எவரும் திரித்துரைக்க வேண்டாம். துயரத்தால் துடித்த மக்கள் அவர்கள். அந்தத் துடிப்பிலே, கைக்கு எட்டியவனை அடித்த கணத்தில், கைக்கு எட்டாதவர்கள் பெருமூச்சு விட்டனரே! குற்றவாளி கிடைத்துவிட்டான், கதை முடிந்தது என்று கோப்பை மூட அவர்களுக்கு வழி பிறந்ததே! அதுதான் என் வேதனை. ஏழையின்மீது விழும் ஒவ்வோர் அடியும், அதிகாரத்துக்கு நாம் எழுதித் தரும் விடுதலைப் பத்திரம்.

எனவே தோழர்களே, செய்ய வேண்டியது இது. உங்கள் ஊரில் இருப்புப்பாதை கடக்கும் இடம் உண்டா? அது சிக்னலோடு பிணைக்கப்பட்டதா என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் உங்கள் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு. விடை வந்தால் கிளைக் கழகக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். சுரங்கப்பாதைக் கோப்பு எந்த மேசையில் உறங்குகிறது, எத்தனை நாளாக உறங்குகிறது என்று நாள் குறித்து எழுதுங்கள். அந்த மேசை நம்மவருடையதாயினும் எழுதுங்கள். நூறு பேர் ஒப்பமிட்ட மனுவோடு, ஓங்கிய குரலும் ஓங்காத கையுமாய், ஆட்சியர் அலுவலகத்து வாயிலிலும் இரயில்வே கோட்ட அலுவலகத்து வாயிலிலும் போய் நில்லுங்கள்.

கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று மேடைதோறும் முழங்குகிறோம். மாநாட்டுப் பந்தலில் அது எளிது. தண்டவாளத்தின் ஓரத்தில், சிதறிய புத்தகப் பைகளின் நடுவே நிற்கும்போதுதான் அது சோதனைக்கு உள்ளாகிறது. அந்தச் சோதனையில் தேறுவோமானால், இன்னொரு செம்மங்குப்பம் நேராமல் தடுப்போம். நம் சினத்துக்கு அதைவிடப் பெரிய வெற்றி வேறில்லை.